மேட்சிங் டைல்ஸ்

நீச்சல் குளத்தின் அடித்தளத்துக்குக் கறுநீலம்தான். மறுபேச்சு கிடையாது. ஒரு திங்கட்கிழமை காலையில் இப்படி முடிவெடுத்தேன். நான் முடிவெடுத்தால் எடுத்ததுதான். அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரியில் கிளீனராக ஏறி, பெரம்பலூரில் நாலு டிப்பருக்கு முதலாளியாக இறங்கியவன் நான். டயர் வாங்கினாலும் சரி, தக்காளி வாங்கினாலும் சரி, பாதி விலையில்தான் பேச்சையே ஆரம்பிப்பேன்.

லாரிக்காரன் வீட்டுக்கு நீச்சல் குளம் எதற்கு என்று கேட்காதீர்கள். ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஹோட்டல் குளத்தில், "வேட்டியோட இறங்கக் கூடாது சார்" என்று ஒருவன் என்னைத் தடுத்தான். வந்த கோபத்தில் மறுநாளே கொல்லையில் பொக்லைனை இறக்கிவிட்டேன். முப்பதடி நீளம். நாலரை அடி ஆழம்.

"ஆறடியா வெட்டிடவாண்ணே?" என்றான் பொக்லைன்காரன்.

"நாலரைக்கு மேல ஒரு இஞ்ச் போச்சு, உனக்கு வாடகை கிடையாது!"

காரணத்தை உங்களிடம் மட்டும் சொல்கிறேன். எனக்கு நீச்சல் தெரியாது.

முழங்காலை மடக்கி, கழுத்து வரைக்கும் அமுங்கி, தரையிலேயே நடப்பேன். மேலே கை ரெண்டும் நீந்தும். கீழே கால் ரெண்டும் வாக்கிங் போகும். வேட்டி மிதந்து காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் கறுநீல டிராக் பேண்ட். பழைய நீலப் பெயின்டும், எப்போதும் கொஞ்சம் கலங்கிய தண்ணீரும் ஏழு வருஷமாக என் மானத்தைக் காப்பாற்றி வந்தன.

இந்த வருஷம் பெயின்ட் உரிந்து, பூச்சு பெயர்ந்து, உள்ளங்காலைக் கிழித்துவிட்டது. தோட்டத்தில் முள் குத்திவிட்டது என்று என் மனைவி புஷ்பவல்லியிடம் சொன்னேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மருந்து போட்டாள். தங்கமான பெண்.

அன்று சாயங்காலமே தா.பழூரிலிருந்து சம்பந்தி செல்லமுத்து போன் செய்தார். எங்கள் மகள் லாவண்யாவை வைகாசியில்தான் அவர் பையனுக்குக் கட்டிக் கொடுத்திருந்தோம். நிச்சயதார்த்தத்தன்று அவர், "நாங்க வெள்ளத்துலயே கொள்ளிடத்தைத் தாண்டுறவங்க" என்று பெருமை பேசினார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "கல்குவாரித் தண்ணியில நாலு ரவுண்டு அடிச்சவன் நான்!" என்று சபையிலேயே சொல்லிவிட்டேன்.

"ஆடிப்பெருக்குக்குக் குடும்பத்தோட வர்றோம் சம்பந்தி. உங்க நீச்சலைப் பாத்துட்டுத்தான் சாப்பாடு!"

அதனால்தான் கறுநீலம். அடி தெரியாது. காலும் தெரியாது.

மறுநாள் குளக் கான்ட்ராக்டர் பாலசுந்தரம் சாம்பிள்களோடு வந்து மேசையில் பரப்பினான்.

"இது கூழாங்கல் பதிச்ச பூச்சுண்ணே. இயற்கையா இருக்கும்."

"வேணாம், குத்தும்!" என்றேன்.

"நீந்துறப்ப எங்கண்ணே குத்தப்போவுது?"

எனக்கு வியர்த்துவிட்டது. புஷ்பவல்லி காபியை வைத்துவிட்டுச் சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டாள். அவள் காபியே குடிக்கவில்லை என்பதை நான் அப்போது கவனிக்கவில்லை.

மிச்சம் இருந்தது ரெண்டு. கறுநீலக் கண்ணாடி டைல்ஸ். பால் மாதிரி வெள்ளைப் பூச்சு.

இங்கேதான் என் மூளையைப் பயன்படுத்தினேன். இருபத்தாறு வருஷக் குடித்தனத்தில் நான் இட்லி என்றால் அவள் தோசை. நான் பஸ் என்றால் அவள் ரயில். பெரம்பலூருக்கு ரயிலே கிடையாது, இருந்தாலும் ரயில். நான் வெள்ளை என்றால் அவள் என்ன சொல்லுவாள்? அவ்வளவுதான் விஷயம்!

"வெள்ளைதான் போடணும். வெள்ளையைத் தவிர வேற எதையும் இந்த வூட்டுக்குள்ள விட மாட்டேன்!" என்று மேசையைக் குத்தினேன்.

புஷ்பவல்லி யோசித்தாள். கறுநீலத் துண்டைக் கையில் எடுத்தாள். என் மனசு குதித்தது. கீழே வைத்துவிட்டாள்.

"சரிங்க."

"என்ன சரி?"

"வெள்ளையே போட்டுரலாம். பாம்பு கீம்பு கெடந்தாலும் பளிச்சுனு தெரியும்ல."

"இல்ல புஷ்பா… உனக்குக் கறுநீலம் புடிச்சிருந்தா நான் விட்டுக் கொடுக்கறேன்."

"நீங்க இவ்வளவு ஆசையாக் கேட்டு நான் மாட்டேம்பனா?"

பாலசுந்தரம் குறுக்கே புகுந்தான். "வெள்ளைன்னா வெல கொறச்சல்தாண்ணே."

என் ஜாதகக் கோளாறு, விலை என்ற வார்த்தை காதில் விழுந்தால் எனக்குக் கண் தெரியாது. "கொறச்சலா? எவ்வளவு கொறச்சல்? அதுல பாதி சொல்லு!" என்று பாய்ந்தேன். அரை மணி நேரம் கத்தினேன். அவன் அழாத குறை. பாதிக்கும் கீழே இறக்கிக் கைகுலுக்கி, வெற்றிலைப் பாக்கும் கொடுத்து அனுப்பிய பிறகுதான் உறைத்தது. எனக்குத் தூக்குக் கயிற்றை நானே பேரம் பேசி வாங்கியிருக்கிறேன்.

அடுத்த நாளே ஒரு டிப்பர் தூத்துக்குடிப் பக்கம் படுத்துக்கொண்டது. கிளம்பும்போது டிராக் பேண்டைக் காணோம்.

"புஷ்பா, என் பேண்ட் எங்க?"

"ஒரு வேலையா எடுத்து வெச்சிருக்கேன். வேட்டி கட்டிட்டுப் போங்க."

இரண்டு வாரம் கழித்து நான் திரும்பி வந்தபோது வேலை முடிந்து, குளத்தில் தண்ணீர் நிரம்பிக்கொண்டிருந்தது. வெள்ளையென்றால் அப்படி ஒரு வெள்ளை. ஒரு ரூபாய் நாணயத்தைப் போட்டுப் பார்த்தேன். அதன் வருஷம்கூடத் தெரிந்தது. ஆனால் நடுவில், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும், மூணடி அகலத்துக்கு ஒரு கறுநீலப் பட்டை!

"எவன்டா எங்கிட்டக் கேக்காமக் கோடு போட்டது?"

"ரேஸ் குளத்துலயெல்லாம் இப்படித்தாண்ணே கோடு இருக்கும்" என்றான் பாலசுந்தரம். "அண்ணி போடச் சொன்னாங்க. இனாம்ணே."

"இனாமா?"

"இனாமாத்தான் போடணும்னு அண்ணி பேசி முடிச்சுட்டாங்கண்ணே."

இனாம் என்று வந்துவிட்டால் எனக்குக் கோபம் வராது. விட்டுவிட்டேன்.

ஆடிப் பதினெட்டு. சம்பந்தி, சம்பந்தியம்மா, மாப்பிள்ளை, லாவண்யா எல்லோரும் கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். கொடியில் டிராக் பேண்ட் தொங்கியது. மாட்டிக்கொண்டு, குலதெய்வத்தையும் சிறுவாச்சூர்க் காளியையும் சேர்த்துக் கும்பிட்டுவிட்டு இறங்கினேன். இன்றோடு பெரம்பலூரில் தலை காட்ட முடியாது, தா.பழூர்ப் பக்கம் லாரியைக்கூடக் காட்ட முடியாது.

காலை ஊன்றினேன். சொரசொரவென்று பிடித்துக்கொண்டது. வழுக்கவில்லை. குனிந்து பார்த்தேன். பட்டை தெரிந்தது. கால் தெரியவில்லை!

விடுவேனா? கையை வீசினேன். முப்பதடி போய், முப்பதடி திரும்பினேன். கரையில் ஒரே கைதட்டல்.

"அடேயப்பா! தலைமுடி நனையாம நீந்துறீங்களே சம்பந்தி! எங்க கொள்ளிடத்துலயே இப்படி ஒருத்தனை நான் பாத்தது இல்ல" என்றார் செல்லமுத்து.

வந்தவர்கள் பாயசத்துக்கு உள்ளே போனதும் புஷ்பவல்லி துண்டோடு வந்தாள். நான் நெஞ்சை நிமிர்த்தினேன்.

"பாத்தியா நீச்சலை? ஆமா, அந்தப் பட்டை எப்படி என் பேண்ட் கலர்லயே அமைஞ்சுது?"

"சேலையை எடுத்துட்டுப் போயி ஜாக்கெட் பிட்டு மேட்ச் பாக்கறது இல்லையா? அப்படித்தான், பேண்டை எடுத்துட்டுப் போயி டைல்ஸ் பாத்தேன். ஒம்பது கடை ஏறி எறங்கினேன். வழுக்காத டைல்ஸா வேற வேணும்ல."

"உனக்கு… எப்பத்துலேருந்து தெரியும்?"

அவள் துண்டால் என் காய்ந்த தலையைத் துவட்டினாள்.

"நீந்துற மனுசனுக்கு உள்ளங்காலு எப்படிங்க கிழியும்?"