அத்தை வைத்த பொட்டும் ஆயிரம் வரை எண்ணிய கம்ப்யூட்டரும்

கணக்கில் என்னை மிஞ்ச ஆளில்லை என்ற கர்வம் எனக்கு இருபத்தைந்து வயதில் இருந்தது. அது இறங்கியது ஒரு வெள்ளிக்கிழமை, காலை பத்தேகாலுக்கு. (தோற்றுப்போன நேரத்தையும் டைரியில் குறித்து வைக்கிற ஆள் நான்.)

தொண்ணூறுகளின் தொடக்கம். முதலிபாளையத்தில் மாமாவுக்குப் பனியன் கம்பெனி. "லேபிளை எதுக்குங்க மாமா வெளியே அடிக்கக் குடுக்கறீங்க?" என்று அதை நிறுத்தவைத்து, பழைய பிரிண்டரைப் பிரித்து, துணி நாடாவில் லேபிள் அச்சடிக்கும் இயந்திரம் ஒன்றைச் செய்து கொடுத்தேன். நாடாவை நகர்த்துவது ஸ்டெப்பர் மோட்டார். கம்ப்யூட்டர் ஒரு துடிப்பு அனுப்பினால் அது ஓர் அடி எடுத்துவைக்கும். துடிப்புகளுக்கு நடுவே சிறு இடைவெளி வேண்டும். அதற்கு நான் கண்ட வழி, கம்ப்யூட்டரைச் சும்மா ஆயிரம் வரை எண்ண விடுவது. முந்தின நாள் ஓட்டிப் பார்த்தபோது சரியாகவே ஓடியது.

அன்று மாலை தூத்துக்குடிக்கு லாரி. லேபிள் இல்லாமல் சரக்கு ஏறாது.

பூஜை முடிந்து, அத்தை மானிட்டர், கீபோர்டு, பெட்டி என்று ஒன்று விடாமல் பொட்டு வைத்தார். நான் ஜம்பமாக என்டரைத் தட்டினேன். மோட்டார் நின்ற இடத்திலேயே நடுங்கியது. நாடா அசையவில்லை. எல்லா வரியும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து, கருகிய வடை மாதிரி ஒரு லேபிள் வந்தது.

முதலில் கரண்டைத் திட்டினேன், பிறகு மோட்டாரை, பிறகு நாடாவை. மணி ஒன்றானது.

"ஏங் கண்ணு, பெட்டிக்குப் பொட்டு வெக்கையில டக்குன்னு சத்தம் கேட்டுச்சு. எதையாச்சும் அமுக்கிப்போட்டனா?" என்றார் அத்தை.

குங்குமத்துக்கு அடியில் டர்போ பொத்தான்! அமுக்கினால் கம்ப்யூட்டரின் வேகம் இரண்டு மடங்கு. ஆயிரத்தை அது பாதி நேரத்தில் எண்ணி முடித்து, மோட்டார் காலைத் தூக்குமுன் அடுத்த அடிக்கு விரட்டியிருக்கிறது.

"ஏம் மாப்ளே, ஒரு பொட்டு தாங்காதா உன்ற புரோகிராமு?" என்றார் மாமா. தையல் செக்‌ஷன் முழுக்கச் சிரித்தது.

பொத்தானை மறுபடி அமுக்கினால் போதும். ஆனால் சாயங்காலம் விளக்கு வைக்கும்போதும் அத்தை வருவாரே! எண்ணுகிற வேலையையே தூக்கிவிட்டு, கம்ப்யூட்டருக்குள் ஓடும் கடிகாரத்தைப் பார்த்துத் துடிப்பு அனுப்பும்படி மாற்றி எழுதினேன். இரண்டு மணி நேரம். மாமா வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தார்.

அச்சு ஓடத் தொடங்கியதும், "அத்தை, இப்ப அமுக்குங்க" என்றேன்.

பயந்துகொண்டே அமுக்கினார். மீண்டும் அமுக்கினார். ஒரு வரிகூடப் பிசகவில்லை. ஏழு நாற்பதுக்கு லாரி கிளம்பியது. என் வாழ்நாளில் அவ்வளவு அழகான எழுத்துகளை நான் பார்த்ததில்லை. "உள்பக்கம் திருப்பித் துவைக்கவும்" என்பதுதான் லேபிளில் இருந்த வாசகம்.

போன மாதம் எங்கள் வீட்டுக்கு வாஷிங் மெஷின் வந்தது. அத்தை அதற்கும் பொட்டு வைத்துவிட்டு, என் மனைவியிடம் சொன்னார்: "தைரியமாப் போடு கண்ணு. இது உன்ற ஊட்டுக்காரரு செஞ்சதில்ல."