பொய்யைப் பிடிக்கும் தொட்டிச் செடி

அன்று பள்ளிக்கூடத்து அறிவியல் அறையில் கூடிய கூட்டம், பெற்றோர் கூட்டத்துக்குக்கூடக் கூடியதில்லை. ஜன்னல் கம்பியில் மட்டும் நாலு பேர் தொங்கினார்கள். எல்லாம் ஒரு தொட்டிச் செடியைப் பார்க்கத்தான்.

பிள்ளைகள் இயற்கையைப் படிக்கட்டும் என்று வாங்கி வைத்த, பூச்சி தின்னும் செடி அது. இலை வாயைப் பிளந்தபடி இருக்கும். ஈ உள்ளே நடமாடினால் படக்கென்று மூடிக்கொள்ளும். பிள்ளைகள் அதைப் பார்த்துப் படித்தார்கள். பெரியவர்கள் கும்பிட ஆரம்பித்தார்கள். பொய் சொல்பவர் தொட்டால் இலை வாயை மூடிவிடும் என்று சொன்னவர் இலை ஜோசியர். அவர் தன் வாயை மட்டும் மூடியதே இல்லை.

பள்ளியில் மைக்ராஸ்கோப்பைக் காணவில்லை. தேடுவதைவிடச் செடியைக் கேட்பது சுலபமல்லவா? தலைமையாசிரியர் ஜோசியரை வரவழைத்துவிட்டார். அந்த அறைக்கு வந்துபோன ஏழு பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். ஜோசியர் ஒவ்வொரு முறையும் ஒரு குச்சியால் இலையைத் தடவி "எழுப்பி"விட்டுக் குச்சியைப் பிள்ளையிடம் கொடுப்பார். "நான் எடுக்கல" என்று சொல்லி அந்தப் பிள்ளை இலைக்குள் ஒரு முறை தொட வேண்டும். ஆறு பேருக்கு இலை அசையவில்லை. தையல்காரர் மகள் தொட்டாள். படக்!

ஏழு அப்பாக்களில், ஊரில் யாரும் பார்த்துப் பயப்படத் தேவையில்லாத அப்பா, அவளுடைய அப்பா ஒருவர்தான்.

"முழியைப் பாத்தப்பவே நெனச்சேன்" என்றார் ஒருவர். அவர் அவளைப் பார்ப்பதே அன்றுதான்.

"நாளையிலேர்ந்து இவ பள்ளிக்கூடம் வர வேண்டாம்" என்றார் தலைமையாசிரியர்.

அளவு டேப் கழுத்தில் தொங்க ஓடி வந்திருந்த தையல்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். "ஐயா, படிப்பைக் கெடுத்துடாதீங்க. எம் பொண்ணு எடுத்திருக்க மாட்டா."

"நானா சொல்றேன்? செடி சொல்லுது!" என்றார் தலைமையாசிரியர்.

மகளுக்கு அழுகை முட்டியது. ஆனாலும் பையிலிருந்து நோட்டை எடுத்தாள். நாலு வாரமாகச் செடியைப் பார்த்து எழுதி வந்தவள் அவள்தான்.

"சார், ஒரு தடவை தொட்டா இது மூடாது. உள்ள இருக்கிற முடியை உடனே இன்னொரு தடவை தொட்டாத்தான் மூடும். எனக்கு முன்னாடி இவர் முடியைத் தொட்டார். மத்தவங்களுக்கு ஓரத்தை மட்டும்தான் தடவினார்."

"தெய்வச் செடிம்மா, விளையாடாதே!" என்றார் ஜோசியர்.

"நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க, போதும்."

அவள் வேறோர் இலையில் முடியை ஒரே ஒரு முறை தொட்டாள். "எங்கப்பாவுக்கு நாலு காது." இலை அசையவில்லை. குச்சியைத் தலைமையாசிரியரிடம் நீட்டினாள். "சார், இன்னொரு இலையில உண்மையைச் சொல்லி ரெண்டு தடவை தொடுங்க."

"நான்தான் இந்தப் பள்ளித் தலைமையாசிரியர்." தொட்டார். மறுபடி தொட்டார். படக்!

"அடப்பாவி! பதினோரு வருஷமா தலைமையாசிரியர்னு சொல்லி நம்மளை ஏமாத்தியிருக்கானே!" என்று ஜன்னல் அலறியது.

தலைமையாசிரியருக்கு வியர்த்துவிட்டது. "யோவ், நான்தான்யா! செடி பொய் சொல்லுதுய்யா!"

அந்தக் களேபரத்தில் ஜோசியர் கதவுப் பக்கம் நழுவினார். தையல்காரர் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டார். அளவெடுத்துப் பழகிய கை, பிடி தப்பவில்லை. யாரோ ஒருவருக்கு ஒருவழியாக அலமாரியைத் திறக்கத் தோன்றியது. மைக்ராஸ்கோப் சுருட்டிய வரைபடங்களுக்குப் பின்னால் இருந்தது.

"நாளைக்கு நேரத்தோட வந்துடும்மா" என்றார் தலைமையாசிரியர், அவள் முகத்தைப் பார்க்காமல்.

அந்தச் செடிக்கு மூளை கிடையாது. ஆனாலும் ஒரு தொடலை நம்பி அது வாயை மூடுவதில்லை. இரண்டாவதும் வரட்டும் என்று காத்திருக்கிறது. மூளையோடு பிறந்த மகாஜனங்களே, உங்களுக்கு மட்டும் என்ன அவசரம்?