பதியம் போட்ட முட்டி

இருபத்தாறு வருஷமாக டைல்ஸ் ஒட்டுகிறேன். நான் மண்டியிட்டது தரையிடம் மட்டும்தான், மனிதரிடம் இல்லை. இதைச் சொன்னால் என் மனைவி சிரிப்பாள். சிரிக்கட்டும்.

அந்தத் தரைதான் என் வலது முட்டியைத் தின்றது. "குருத்தெலும்பு தேஞ்சு குழி விழுந்திருக்கு" என்றார் டாக்டரம்மா. அதே முட்டியில் நல்ல பக்கத்திலிருந்து துளி கிள்ளி, அதிலிருந்த செல்களை ஆய்வுக்கூடத்தில் வளர்த்து, சில வாரம் கழித்து முட்டியைத் திறந்து குழியில் வைத்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டே சொன்னேன்.

"கடைச் சரக்கு இல்ல சார். என் உடம்புலயே நாத்து விட்டு, பறிச்சு நட்டது!"

ஆறு வாரம் அந்தக் காலை ஊன்றக் கூடாது என்பது டாக்டரம்மா உத்தரவு. அதைச் சொன்னபோது மனைவி மருந்து வாங்கப் போயிருந்தாள். நான் அதை மூன்று மாதமாக்கிவிட்டேன்.

"மூணு மாசம் கட்டிலே கதியாம்."

"ஐயோ பாவம்" என்றாள். டீ கட்டிலுக்கே வந்தது.

பொழுது போகவில்லை. தொழில் பெருமை பேசினேன். அவளும் கன்னத்தில் கை வைத்துக் கேட்டாள்.

"மட்டம் எப்படிங்க பார்ப்பீங்க? ஓரம் உடையாம எப்படி அறுப்பீங்க?"

எனக்குள் பேராசிரியர் எழுந்து உட்கார்ந்தார். யாருக்கும் சொல்லாத நுணுக்கமெல்லாம் சொன்னேன். அவ்வப்போது மாடியில் கரகரவென்று சத்தம்.

"எலிங்க" என்றாள்.

மூன்று மாதம் முடிந்ததும் கம்பீரமாக மாடி ஏறினேன். பதினோரு வருஷமாக வெறும் சிமென்ட்டாகக் கிடந்த அறை. கண்ணாடி மாதிரி டைல்ஸ்!

"யார் ஒட்டினது?"

"நான்தான்."

"மண்டி போட்டா?"

"அது எதுக்கு? சக்கரப் பலகையில உக்காந்து, பின்னாடி நகர்ந்துக்கிட்டே ஒட்டினேன்."

இருபத்தாறு வருஷம்! எனக்கு அது தோன்றவே இல்லை.

"ஆறு வாரம்தான்னு டாக்டரம்மா போன்ல அன்னைக்கே சொல்லிட்டாங்க" என்றாள்.

"அப்ப ஏன் என்னை எழுப்பலை?"

"நீங்க எழுந்துட்டா யார் பாடம் எடுக்கிறது?"

குனிந்து பார்த்தேன். கோடுகள் நூல் பிடித்தாற்போல் ஓடின. கோபம் வர வேண்டிய இடத்தில் பெருமை வந்து தொலைத்தது. என் மாணவி!

அந்த நேரம் எனக்கு வேலை கொடுக்கும் மேஸ்திரி போன் செய்தார்.

"முட்டி எப்படிப்பா?"

"நடக்கிறேன் அண்ணே. மண்டி போடத்தான் ஒரு வருஷம் ஆகும்."

"பரவாயில்ல, தங்கச்சி, உன் சம்சாரம்தான், டைல்ஸ் ஒட்ட ஒரு வீடு ஒத்துக்கிட்டிருக்கு. நின்னுக்கிட்டே கலவை குழைக்க ஆள் வேணும், உன்னைச் சேர்த்துக்கலாமான்னு கேட்டேன். யோசிச்சுச் சொல்றேன்னுச்சு."