பிரஷர் ஏறிய வண்டி

“டிக்கெட்டைப் பொறவு கிழியுங்க அண்ணாச்சி. வீட்டம்மாவுக்கு அந்த மாத்திரையைக் குடுத்துட்டியளா?”

நர்ஸ் கல்யாணசுந்தரியின் குரல் கடைசி சீட் வரை போயிற்று. கண்டக்டர் சிவனணைந்தபெருமாளுக்கு வேர்த்துவிட்டது. 1982, ஜூன் மாதம், குற்றால சீசன். தென்காசியிலிருந்து கிளம்பிய டவுன் பஸ்ஸில் நிற்க இடமில்லை. தலை நிறைய எண்ணெயோடு அருவிக்குப் போகிற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

மூன்றாவது பிரசவத்தில் அவன் மனைவி முத்துவடிவு பிழைத்ததே பெரிய காரியம். இன்னொன்று உண்டானால் உயிருக்கு ஆபத்து என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். யாரிடம் போய்க் கேட்பது என்று தவித்துக்கொண்டிருந்தவன், குற்றாலத்துக்கு டூட்டிக்குப் போவதாகச் சொல்லி ஒரு வாரமாக வண்டியில் வருகிற இந்த நர்ஸிடம் நேற்றுத்தான் வாயைத் திறந்து, கடையில் வாங்கிய கருத்தடை மாத்திரையைப் பற்றிக் கேட்டிருந்தான்.

“இன்னும் குடுக்கல. மெதுவாப் பேசுங்க நர்ஸம்மா. வண்டி, பிரேக்குன்னு சொல்லுங்க. நான் புரிஞ்சுக்கிடுதேன்.”

நர்ஸ் பேச்சை மாற்றினாளே தவிர, குரலைக் குறைக்கவில்லை.

“வண்டிக்குப் பிரஷர் ஏறிக் கெடக்கு. அந்த பிரேக்கைப் போட்டா ஆபத்து.”

“அப்ப கம்பி வச்ச பிரேக்கு?” காப்பர்-டியைத்தான் அப்படிக் கேட்டான்.

“ஏற்கெனவே ஆயில் ஒழுகி வத்திப்போன வண்டி. கம்பி வச்சா இன்னும் ஒழுகும்.”

முத்துவடிவுக்கு மாதாமாதம் உதிரப்போக்கு அதிகம், உடம்பில் ரத்தமே இல்லை. அது அவனுக்குப் புரிந்தது. முன்சீட்டில் மாங்காய்க் கூடையோடு இருந்த அவன் தெருக்காரி பேச்சித்தாய்க்கு வேறு மாதிரி புரிந்தது.

“ஏ டிரைவரு, வண்டிய நிறுத்தும். பிரேக்கு இல்லையாம். ஆயிலு ஒழுகுதாம்.”

டிரைவர் கிதிர் முகம்மதுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. “என் வண்டியிலயா பிரேக்கு இல்ல?” என்று மிதித்தார் ஒரு மிதி. நின்றவர்கள் உட்கார்ந்தவர்கள் மடியில் விழுந்தார்கள். மாங்காய்கள் படிவழியே ரோட்டுக்கு இறங்கின. பின்னாலேயே மொத்த பஸ்ஸும் இறங்கியது.

“பிரேக்கெல்லாம் நல்லா இருக்கு. நாங்க பேசுனது வேற வண்டி” என்று கண்டக்டர் கெஞ்சினான்.

“எந்த வண்டிவே?” என்றார் டிரைவர்.

“எங்க வீட்டு வண்டி.”

“உம்ம வீட்டுல சைக்கிளே கெடையாதே.”

பின்னால் வந்த பஸ்ஸிலிருந்து செக்கிங் இன்ஸ்பெக்டர் லட்சுமிநாராயணன் குதித்தார். “சீசன் நேரத்துல வதந்தி கிளப்புதீரா? சஸ்பெண்டுதான். நடந்ததை எழுதிக் குடும்” என்று பேனாவை நீட்டினார். அவன் பேனாவை வாங்கிக்கொண்டு நின்றான். மனைவி மானமா, வேலையா?

“அவரை விடுங்க சார்” என்று நர்ஸ் நடுவில் வந்தாள். வண்டியும் பிரேக்கும் இல்லாமல் முழுதையும் சொல்லி முடித்தாள்.

“சரி, அந்தப் பிள்ளைக்கு வேற வழி?” என்றாள் பேச்சித்தாய். கூட்டம் நெருங்கி நின்றது.

“நிரோத் உறை இருக்கு. நிரந்தரமா வேணும்னா, அந்த உடம்புல கத்தி வைக்கதை விட இவருக்குப் பண்ணுதது லேசு. பத்து நிமிஷம், அன்னைக்கே வீட்டுக்குப் போயிரலாம். மூணு மாசத்துக்கு மட்டும் நிரோத்தை விடக்கூடாது.”

அத்தனை கண்களும் சிவனணைந்தபெருமாளைப் பார்த்தன.

“பொறவு வேலை பாக்க முடியுமா?”

“ஒரு வாரம் பாரம் தூக்காதிய. விசிலு மறுநாளே ஊதலாம்.”

முத்துவடிவு வெளுத்துப்போய்க் கட்டிலில் கிடந்தது கண்முன் வந்தது. நர்ஸ் பையிலிருந்து எடுத்து நீட்டிய குடும்பக் கட்டுப்பாட்டு முகாம் பாரத்தில், இன்ஸ்பெக்டரின் பேனாவாலேயே கையெழுத்துப் போட்டான். கூட்டம் கைதட்டியது. கிதிர் முகம்மது ஹாரனை விடாமல் அடித்தார். அவனுக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

நர்ஸ் பாரத்தை மடித்துப் பையில் வைத்தாள். ரோட்டைக் கடந்து, எதிரே வந்த தென்காசி பஸ்ஸைக் கைகாட்டி ஏறிவிட்டாள்.

“நர்ஸம்மா, குத்தாலத்துக்கு டூட்டிக்குப் போகலியா?”

கடைசி மாங்காயைப் பொறுக்கிக்கொண்டிருந்த பேச்சித்தாய் நிமிர்ந்தாள்.

“அவளுக்குக் குத்தாலத்துல என்னலே சோலி? வேலை தென்காசியிலல்லா. ஒரு வாரமா உன் பொண்டாட்டில்லா அவளை இந்த வண்டிக்கு அனுப்பி வைக்கா.”