பீப்பாய்க்கு முன்பே சிரிப்பவர்

முன்சிரிப்பாளர் என்றோர் இனம் உண்டு. மேடையில் வேடிக்கை நடந்தபிறகு சிரிப்பவர்கள் நீங்களும் நானும். அது நடக்கப்போகிறது என்று தெரிந்து, ஒரு தாளம் முன்னாலேயே சிரித்து, தமக்குத் தெரியும் என்பதை அரங்கம் முழுக்கத் தெரியப்படுத்துகிறவர் அவர்.

வியன்னா அரங்குகளில், நின்றபடியே நாடகம் பார்க்கும் பகுதியில் இவரைக் காணலாம். கம்பியில் கழுத்துத்துண்டைக் கட்டி இடம் பிடித்துவிட்டு, பக்கத்துக் காப்பிக்கடையில் கேக்கை விழுங்கியபடி, ஒரு காலத்தில் ஊரே சீட்டியடித்துத் திரிந்த நகைச்சுவை இசைநாடகங்களை வரிசையாகச் சொல்லி, "இப்பல்லாம் யாரு இதைப் போடறாங்க?" என்று பெருமூச்சு விடுவார். கேக் மீதமிருக்காது.

ஓய்வுபெற்ற சுங்க அதிகாரி லியோபோல்ட் ஸ்வெட்லர் இந்த இனத்தில் முதல் தரம். 'மில்காரர் வீட்டு மாப்பிள்ளை' என்ற பழைய இசைநாடகத்தை மறுபடி போடச் சொல்லி அரங்கத்தாரை நச்சரித்தே மனிதர் கிழவரானார். தொல்லை தாங்காமல் கடைசியில் போட்டார்கள். முதல் நாள் எடுபடாவிட்டால் மூட்டை கட்டிவிடுவோம் என்றும் சொல்லிவிட்டார்கள்.

"லியோ, இன்னைக்கு மட்டும் வாயைப் பொத்திக்கிட்டு இரு," என்றாள் மனைவி ஓட்டிலி. "நீ சிரிச்சே கெடுத்துடுவ."

"நானா? இந்த நாடகம் என் உயிரு!"

"அதான் பயமா இருக்கு."

முதல் அங்கம் முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டார். இரண்டாம் அங்கத்தில் மாவு மில்காரர் வரும் சத்தம் கேட்டதும், மகளின் காதலன் ஒளிய இடம் தேடி மாவுப் பீப்பாயைப் பார்த்தான். காலைத்தான் தூக்கினான், இன்னும் உள்ளே இறங்கக்கூட இல்லை, அதற்குள் ஸ்வெட்லரிடமிருந்து கிளம்பியது பாருங்கள் ஒரு "ஹோ ஹோ ஹோ"! காதலனாக நடித்த பாடகன் திடுக்கிட்டுக் காலைக் கீழே வைத்தான். வாத்தியங்கள் நின்றன. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஸ்வெட்லர் இப்போதுதான் வாயைப் பொத்திக்கொண்டார். ஐயோ, நாமே கொன்றுவிட்டோமே!

மில்காரர் வேடம் போட்டவர் மேடை விளிம்புக்கு வந்தார்.

"ஐயா, அவன் இன்னும் உள்ளயே போகல."

அரங்கம் விழுந்து விழுந்து சிரித்தது. நாடகம் பிழைத்துக்கொண்டது.

மறுநாள் அரங்க நிர்வாகியே வீடு தேடி வந்தார். "தினமும் வந்துடுங்க சார். அதே இடத்துல நின்னு அப்படியே சிரிங்க. ஊரெல்லாம் இதே பேச்சு."

புதுக் கழுத்துத்துண்டோடு போனார் ஸ்வெட்லர். பாடகன் பீப்பாயைப் பார்த்தான். இவர் மூச்சை இழுத்தார். அதற்குள் பால்கனியிலிருந்து எவனோ "ஹோ ஹோ" என்றான். கீழேயிருந்து ஒருத்தி. அப்புறம் மொத்தக் கூட்டமும். ஸ்வெட்லரின் சிரிப்பு தொண்டையிலேயே நின்றுவிட்டது.

"நாசமாப் போறவனுங்க!" என்று பொருமினார். "ஜோக் வர்றதுக்கு முன்னாடியே சிரிக்கிறானுங்க. ரசனைன்னா என்னன்னே தெரியல!"

பக்கத்தில் நின்ற ஓட்டிலியைப் பார்த்தார். அவளும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அது கிடக்கட்டும். காதலன் பீப்பாய்க்குள் போனபின் என்ன வேடிக்கை நடக்கும் என்று நான் இன்னும் சொல்லவே இல்லையே. நீங்கள் எதற்குச் சிரித்தீர்கள்?