ராகு காலத்தில் டோக்கன் வாங்கியவர்

ராகு காலத்துக்குப் புரூப் அண்ணாச்சி பயந்ததுபோல் விருதுநகர் மாவட்டத்தில் எவரும் பயந்ததில்லை. சிவகாசியில் நாங்கள் இருந்த காலண்டர் அச்சகத்தில் பிழை திருத்துவது அவர் வேலை; திருத்தியதைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது என் வேலை. தினசரித் தாளில் ஒவ்வொரு ராசிக்கும் லாபம், பகை, பயம் என்று ஒற்றைச் சொல்லில் பலன் போட்டிருக்குமே, அதைப் பார்க்காமல் அண்ணாச்சி செருப்பில் கால் நுழைக்க மாட்டார். கன்னி ராசிக்கு 'விரயம்' என்று வந்துவிட்டால் அன்றைய டீ என் தலையில்.

இரண்டாயிரத்துச் சொச்சத்தில் ஒருநாள், மதுரை டாக்டர் அவருக்கு வயிற்றில் புற்றுநோய் என்று சொல்லிவிட்டார். மறுநாள் அழுதுகொண்டு வருவார் என்று பார்த்தால், முந்தின நாள் தாளைக் கையில் கசக்கிக்கொண்டு கொதித்துப்போய் வந்தார்.

"பாருலே! நேத்து கன்னிக்கு 'ஆரோக்கியம்'. நானே திருத்தி அனுப்புனது!"

அன்றோடு எல்லாம் தலைகீழ். அஷ்டமியில் புதுச் சட்டை எடுத்தார், அதுவும் கறுப்பு. எமகண்டத்தில் பஸ் ஏறினார். ஆஸ்பத்திரியில் டோக்கன் வாங்குவது ராகு காலத்தில்தான். "அந்நேரம் ஒரு பய வரமாட்டாம்லே. இம்புட்டு வருசம் நல்ல நேரம் பாத்து வரிசையிலே நின்னு செத்தேனே!"

பார்க்க வந்தவர்கள்தான் என் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டார்கள். ஆப்பிளை நீட்டுவதற்குள் மூக்கைச் சிந்துவார்கள். தாயில்பட்டியிலிருந்து வந்த மச்சினர், "போன பிறவியிலே என்ன பாவம் செஞ்சீகளோ அத்தான்" என்றார்.

"உங்களை மாதிரி ஆளுகளை இருந்து சாப்பிட்டுப் போங்கன்னு சொல்லியிருப்பேன்" என்றார் அண்ணாச்சி.

இதுவாவது பரவாயில்லை. எங்களிடம் காலண்டர் ஆர்டர் கொடுக்கும் நகைக்கடைக்காரர் ஒருவர், நோயாளி கை பட்ட காலண்டர் வீட்டுக்கு ஆகாது என்றார். முதலாளியும் உடனே, "அண்ணாச்சி வீட்டுலே ரெஸ்ட் எடுக்கட்டும்" என்றார். என்ன அநியாயம்! வெடிமருந்தில் கை வெந்தவன் செய்த வெடியைக் கொளுத்தித் தீபாவளி கொண்டாடலாம். இவர் சிவப்புப் பேனா பட்ட தாள் மட்டும் ஆகாதா? இதையெல்லாம் இப்போது எழுதுகிறேன். அன்று பக்கத்தில் நின்றும் வாயைத் திறக்கவில்லை.

அண்ணாச்சியே முதலாளி அறைக்குள் நுழைந்தார். கடிகாரத்தைப் பார்த்தேன், அசல் ராகு காலம்.

"நோவு எனக்குத்தான் முதலாளி, காலண்டருக்கு இல்லே. வீட்டுலே படுத்தா என்னைச் சுத்தி உக்காந்து அழுவாக. இங்கன இருந்தாத்தான் நான் மனுசன்."

முதலாளி இறங்கி வந்தார். "இருங்க. ஆனா ஒரு புகார் வந்துச்சுன்னா வீட்டுக்குத்தான்."

அடுத்த வருடக் காலண்டரின் புரூப் என் மேசைக்கு வந்தது. பன்னிரண்டு ராசியிலும் 'நோய்' எல்லாம் 'ஓய்வு' ஆகியிருந்தது. 'பயம்' எல்லாம் 'தைரியம்'.

"ஜோசியர் எழுதுனதை மாத்தலாமா அண்ணாச்சி?"

"எவன் எந்த ஆஸ்பத்திரியிலே கெடக்கானோ! காலையிலே தாளைக் கிழிச்சதும் இதையாலே பாக்கணும்? ஏத்து!"

ஒன்று விடாமல் ஏற்றினேன்.

அச்சாகி வந்ததும் ஜோசியர் சண்டைக்கு வந்தார். முதலாளி கத்திய கத்தலில் மிஷின் நின்றது. "யார்லே மாத்துனது?" அண்ணாச்சி மேசையைப் பிடித்துக்கொண்டு எழப் பார்த்தார்.

நான் முந்திக்கொண்டேன். "நாந்தான் முதலாளி. கவனமில்லாம ஏத்திட்டேன்."

திட்டு என்றால் அப்படியொரு திட்டு. ஜோசியர் முன்னால், மிஷின்காரர்கள் முன்னால், மானம் கப்பலேறியது. எனக்கென்ன, அண்ணாச்சி அவர் நாற்காலியிலேயே இருந்தார்.