கோர்ட்டுக்குச் சொந்தமான கிடா

அன்பிற்கும் மரியாதைக்கும் உரிய மருமகப்பிள்ளை, சென்னை வக்கீல் அரங்கநாதன் அவர்களுக்கு,

கல்வராயன்மலையிலிருந்து உன் தாய்மாமன் மாதன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் அத்தை பெருமாயியும் சுகம். மகள் சங்கவியும் குழந்தையும் சுகம். சாமை விதைத்தாயிற்று. வாசலில் கட்டியிருக்கும் கிடாவும் சுகம்தான், ஆனால் அது இப்போது நம்முடையது இல்லை, கோர்ட்டுடையது. போன் செய்தால் கோர்ட்டில் இருக்கிறேன் மாமா என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன், கடைசி வரை படி.

சங்கவியின் பிரசவம் சிக்கலானபோது மாரியம்மனுக்கு ஒரு கிடா வேண்டிக்கொண்டு, நம் வழக்கப்படி ஒரு காதை நறுக்கி அவிழ்த்துவிட்டது உனக்குத் தெரியும். காது நறுக்கிய கிடாவை யாரும் கட்டக்கூடாது, விரட்டக்கூடாது, எவன் கொல்லையில் மேய்ந்தாலும் சாமி மேய்ந்ததாகப் பேர். அந்தக் கிடா மாசியில் காணாமல் போயிற்று. மலையிறங்கி ஸ்டேஷனுக்குப் போனேன். எங்கே கட்டியிருந்தாய் என்றார் எஸ்.ஐ. கட்டவில்லை என்றேன். யார் காவல் என்றார். சாமி என்றேன். பேனாவை மூடி வைத்துவிட்டார். "காட்டுல எங்கினா மேஞ்சிகினு இருக்கும், தானா வந்துடும், வூட்டுக்குப் போய்யா" என்கிறார். எனக்கு வந்ததே கோபம்! போலீஸ்காரர் பேசுகிற பேச்சா இது? பணக்காரன் வீட்டுக் கார் காணோம் என்றால் தானாக வந்துவிடும் என்பார்களா? சாராயம் என்று எவனாவது சொல்லிவிட்டால் ஜீப் மலையேறி வந்து வீடு வீடாக அடுப்பைக் கிளறத் தெரிகிறது, ஏழை ஆட்டைத் தேட மட்டும் டீசல் இல்லையாம். புகார் கொடுத்ததற்கு ரசீது கேட்டேன், ரசீது புக் தீர்ந்துபோச்சு என்றார்கள்.

விடுவேனா நான்? திங்கட்கிழமை மனு நாளில் கள்ளக்குறிச்சிக்குப் போய், ஹைகோர்ட்டில் எனக்கு மருமகன் இருக்கிறான் என்று உன் பெயரையும் போட்டுக் கலெக்டருக்கே மனு கொடுத்தேன். அப்புறம் பார்க்கணும் மரியாதையை! ஜீப் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது. ஏட்டையா அடையாளம் கேட்டார். கருப்பு நிறம் என்றேன், கிடா எதிரே நிற்பதாக வைத்துக்கொண்டு, இந்தப் பக்கத்துக் காது நறுக்கியிருக்கும் என்று கையால் காட்டினேன். இடது காது என்று எழுதிக்கொண்டு போனார். அந்த வாரமே ஆடும் ரெடி, திருடனும் ரெடி.

திருடன் பேர் சந்தோஷ். மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் கரும்பு வெட்டுகிறவன், மலைக்குக் கிழங்கு பிடுங்கக் கூலிக்கு வந்தவன். எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிட்டானாம். என் முன்னால் கையெழுத்துப் போடச் சொன்னார்கள், அவனால் கையைத் தூக்கவே முடியவில்லை, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். குற்றம் செய்தவன் எப்படி நிமிர்ந்து நிற்பான் என்று நினைத்துக்கொண்டேன். கிடாவின் காதுப் புண் இன்னும் காயாமல் இருந்தது. அதைக் கேட்டதற்கு, அடையாளம் தெரியாமலிருக்கத் திருடன் மறுபடியும் நறுக்கியிருக்கிறான் என்று எஸ்.ஐ. விளக்கினார். என்ன திருட்டுப் புத்தி பார்! உன் அத்தை மட்டும், "இது நம்ம கிடா இல்லீங்க, நான் கூப்ட்டா திரும்பக்கூட மாட்டேங்குது" என்று என் காதைக் கடித்தாள். ஸ்டேஷனைப் பார்த்து மனுஷனே மிரளுறான், ஆடு மிரளாதா, சும்மா இரு என்று அதட்டிவிட்டு, என்னுடையதுதான் என்று கையெழுத்துப் போட்டேன்.

அதோடு முடிந்ததா? கிடா இப்போ எவிடென்ஸாம். பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டுதான் என்னிடம் விட்டார்கள். கேஸ் முடிகிறவரை விற்கக்கூடாது, வெட்டக்கூடாது, வாய்தாவுக்கு உயிரோடு கொண்டுவரணும். பஸ்ஸில் மலை வளைவெல்லாம் சுற்றி இறங்கினால் அது என் மடியிலேயே கழிகிறது, கண்டக்டர் என்னை இறங்கச் சொல்கிறார், நான் இது கோர்ட் ஆடு என்று பத்திரத்தைக் காட்டுகிறேன். கோர்ட்டுக்குப் போனால் ஜட்ஜையா லீவு, இல்லையென்றால் ஏட்டையா பந்தோபஸ்து டூட்டி. ஆடித் திருவிழா நெருங்கியாச்சு, சொந்தபந்தத்துக்கெல்லாம் சொல்லியாச்சு, வேண்டுதலைத் தள்ளிப்போட முடியாது என்று பூசாரி ஒரே பிடியாக நிற்கிறார். வெட்டினால் ஜெயிலு, வெட்டலைன்னா சாமி குத்தம். பொருளைப் பறிகொடுத்தவன் நானு, பத்திரம் எழுதிக் குடுத்தவனும் நானு, இது இன்னா நியாயம் மாப்ளே?

இதற்கு நடுவே அந்தத் திருடன் பெண்சாதி இலக்கியா, இடுப்பில் பிள்ளையோடு என் வாசலுக்கு வந்துவிட்டாள். "உங்க ஆடு காணாப் போன அப்பால தாங்க அவரு மலைக்கே வந்தாரு. வக்கீல் வெக்கக்கூட வழியில்லீங்க" என்று அழுதாள். அதையெல்லாம் கோர்ட்டில் போய்ச் சொல்லு என்று விரட்டிவிட்டேன்.

ஆகவே நீ இரண்டு காரியம் செய்யணும். ஆடித் திருவிழாவில் கிடாவை வெட்ட ஒரு ஆர்டர் வாங்கு. அந்த சந்தோஷுக்கு ஜாமீன் மட்டும் கிடைத்துவிடாமல் பார்த்துக்கொள். உன் பெண்சாதி பிள்ளைகளுக்கு எங்கள் இருவரின் ஆசி. மாரியம்மன் உன் வாதங்களுக்கெல்லாம் பக்கத்தில் நிற்கட்டும்.

இப்படிக்கு,
உன் மாமன் மாதன்

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும்போது உன் அத்தை கூப்பிட்டாள். போய்ப் பார்த்தால் வாசலில் இரண்டு கிடா. கட்டியிருப்பது ஒன்று. காட்டிலிருந்து கொழுகொழுவென்று இறங்கிவந்து, அவள் கூப்பிட்டதும் ஓடி அவள் கையை நக்குவது இன்னொன்று. இதற்குக் காது எப்போதோ ஆறிப்போயிருக்கிறது, நறுக்கியிருப்பது வலது காது. நான் எதிரே நின்று காட்டிய என் இடப்பக்கம், ஆட்டுக்கு வலப்பக்கமாம். அப்படியானால் அந்த ஆட்டுக்கு இடது காதை நறுக்கினது யாரு மாப்ளே? திருடு போகாத ஆட்டைத் திருடினேன்னு அவனை எப்படி ஒத்துக்க வெச்சாங்க? பொய்க் கேஸ் கொடுத்தேன் என்று என்னைப் பிடித்தாலும் பிடிக்கட்டும், மேலே எழுதியதில் ஒன்றையும் கிழிக்காதே, அப்படியே ஜட்ஜையாவிடம் காட்டு. அடுத்த வாய்தாவுக்கு இரண்டு கிடாவையும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வருகிறேன். நீயும் வந்து நில்லு, எனக்காக இல்லை, அந்தப் பையனுக்காக.